மோடம் பேசவில்லையா? முதலில் தொலைபேசிக் கம்பியைக் கழற்றுங்கள்

மோடம் பேசவில்லை என்று கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தால், அடுத்த வாக்கியம் பெரும்பாலும் "லைன்மேனிடம் சொல்லிவிட்டோம் சார், அவர் இன்னும் வரவில்லை" என்பதாகவே இருக்கும். மலையில் தொலைபேசிக் கம்பி அடிக்கடி கெடுகிறது. மரம் விழுகிறது, மண் சரிகிறது, மழைத் தண்ணீர் இணைப்புப் பெட்டிக்குள் இறங்குகிறது. அதனால் எது நின்றாலும் பழி முதலில் கம்பியின் தலையில் விழுகிறது. மோடம் என்பது ஒரு கணினியைத் தொலைபேசிக் கம்பி வழியாக இன்னொரு கணினியுடன் பேசவைக்கும் பெட்டி. ஆனால் கணினி ஒரு கட்டளை அனுப்ப, மோடம் அதற்கு 'ஓகே' என்று பதில் தருவதற்குத் தொலைபேசி இணைப்பே தேவையில்லை. கம்பியைக் கழற்றி மேசைமேல் போட்டாலும் மோடம் ஓகே சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் கோளாறு அந்த அறைக்குள்தான் இருக்கிறது. கணினி, அதில் மோடம் கேபிளைச் செருகும் போர்ட், கேபிள், மோடம், மோடத்தின் அடாப்டர் ஆகிய ஐந்தில் ஒன்று கெட்டிருக்கிறது. லைன்மேன் வந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

எனவே முதல் வேலை, தொலைபேசிக் கம்பியை மோடத்திலிருந்து பிடுங்கி ஓரமாக வைப்பது. ஓகே வரும்வரை அதைத் திரும்பச் செருக வேண்டாம்.

1995 ஆகஸ்ட் 15 அன்று, அப்போது அரசு நிறுவனமாக இருந்த வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட காலத்தில் வீடுகளுக்கு இணையம் வந்த வழி இந்தப் பெட்டிதான். இன்று இணையத்துக்கு இது வேண்டியதில்லை. ஆனாலும் மலையில் இதன் வேலை முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் துரை பங்களாவுக்கும் இடையே எஸ்டேட்டின் சொந்த இன்டர்காம் கம்பி ஓடுகிற இடத்தில், அன்றைய கொழுந்து எடைக் கணக்கை அனுப்ப இரண்டு மோடங்களே போதும். ஃபேக்ஸ் கேட்கிற அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. ஃபைபர் அறுந்து கிடக்கும் நாளில், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் லினக்ஸ் கணினிக்குள் நுழைய ஒரு மாற்று வழியாகவும் இது நிற்கிறது. ஆகவே இதைச் சரியாகப் பழுதுபார்க்கத் தெரிந்திருப்பது பயனுள்ள அறிவு என்றே நினைக்கிறேன்.

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் அடிக்க வேண்டும். 'ஏடி' என்பது இரண்டே எழுத்து. மோடத்துக்கான கட்டளைகள் எல்லாம் அதில்தான் தொடங்கும். 1981-இல் ஹேய்ஸ் நிறுவனம் தன் ஸ்மார்ட்மோடத்தில் கொண்டுவந்த முறை, இன்றைய யூஎஸ்பி மோடம்வரை தொடர்கிறது.

தொடங்குவதற்கு முன்

இங்கே சொல்வதெல்லாம் லினக்ஸ் கணினிக்கு. சோதனைக்கு, போர்ட்டுக்கு நேராக எழுத்து அனுப்பும் மினிகாம் என்ற ஒரே மென்பொருள் போதும். 'மினிகாம் -எஸ்' என்று ரூட் (கணினியின் முழு நிர்வாகி) உரிமையுடன் திறந்தால் அமைப்புப் பட்டியல் வரும். அதன் சீரியல் போர்ட் பிரிவில் 'ஏ' வரி போர்ட்டின் பெயர், 'ஈ' வரி வேகம், 'எஃப்' வரி வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாடு, அதாவது 'இப்போது அனுப்பலாம்' என்று தனிக் கம்பியில் சொல்லும் முறை. வேகத்தை 9600 என்றும், 8 பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்றும் வையுங்கள். 'எஃப்' வரியை 'இல்லை' என்று மாற்றுங்கள். அது 'ஆம்' என்றிருந்து, கேபிளில் அதற்கான கம்பி அறுந்திருந்தால், கணினி ஓர் எழுத்தைக்கூட வெளியே விடாது. மோடம் செத்துவிட்டதாகத் தோன்றும்.

டயல் செய்து இணைப்பை ஏற்படுத்தும் வீவ்டயல், பிபிபி முதலியவற்றை இப்போது தொடவே வேண்டாம். மோடம் பேசத் தொடங்கிய பிறகு வரும் வேலை அது. வீவ்டயலின் நீண்ட பிழைச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, மினிகாமில் 'ஏடி' என்று இரண்டு எழுத்தைத் தட்டிப் பார்ப்பது நேரடியான வழி.

போர்ட்டின் பெயர் மோடத்தின் வகையைப் பொறுத்தது. தாய்ப்பலகையின் 9 முனை போர்ட்டில் நேராகச் செருகிய வெளி மோடம் என்றால் டிடிஒய்எஸ்0 அல்லது டிடிஒய்எஸ்1. விண்டோஸில் காம்1, காம்2 என்று சொல்வது இவற்றைத்தான். அதே மோடத்தை யூஎஸ்பி-சீரியல் மாற்றி வழியாகச் செருகினால் டிடிஒய்யூஎஸ்பி0. மோடமே யூஎஸ்பி வகை என்றால் டிடிஒய்ஏசிஎம்0. செருகிய உடனே 'டிமெஸ்ஜி' கட்டளையைத் தட்டினால், லினக்ஸின் மையமான கெர்னல் என்ன பெயர் வைத்தது என்று கடைசி வரிகளில் தெரியும். யூஎஸ்பியைச் செருகியும் அங்கே ஒரு வரிகூடச் சேரவில்லை என்றால் போர்ட்டையோ கேபிளையோ மாற்றுங்கள்.

அறிகுறி: போர்ட்டைத் திறக்கவே முடியவில்லை

இது மோடத்தின் கோளாறே அல்ல. திரையில் வரும் செய்தியைப் பொறுத்து வழி மாறும்.

அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால், பயனர் உரிய குழுவில் இல்லை. டெபியன், உபுண்டு வகைகளில் அந்தக் குழுவின் பெயர் டயல்அவுட். ஆர்ச் லினக்ஸில் யூயூசிபி. பயனரைக் குழுவில் சேர்த்த பிறகு ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். சேர்த்த கையோடு முயன்றால் பழைய செய்தியே வரும். இதற்காக எல்லாவற்றையும் ரூட்டாகவே இயக்கும் பழக்கம் சில அலுவலகங்களில் இருக்கிறது. அது வேண்டாம். கணக்கு எழுதும் பிள்ளைகள் உட்காரும் கணினியில் அது ஆபத்து.

போர்ட் பூட்டப்பட்டிருக்கிறது என்று வந்தால், முன்பு மினிகாமை முறையாக மூடாமல் சாளரத்தை அடைத்திருக்கிறார்கள். வார் கோப்புறைக்குள் இருக்கும் லாக் கோப்புறையில் எல்சிகே என்று தொடங்கி, போர்ட்டின் பெயரில் முடியும் சிறு கோப்பு கிடக்கும். அதற்குள் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணில் இன்னும் ஏதாவது ஓடுகிறதா என்று 'பிஎஸ்' கட்டளையில் பார்த்துவிட்டு, இல்லை என்றால் மட்டும் கோப்பை அழியுங்கள்.

கருவி வேலையில் இருக்கிறது என்று வந்தால், 'எஃப்யூசர்' கட்டளையுடன் போர்ட்டின் பெயரைக் கொடுத்து, யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அது மோடம்மேனேஜர். கைப்பேசி இணைய டாங்கிள்களுக்காக வைக்கப்பட்ட சேவை அது. புதிதாக எது செருகப்பட்டாலும் ஓடிப்போய்ப் பிடித்து, தானே ஏடி கட்டளைகளை அனுப்பி விசாரிக்கும். யூஎஸ்பி மோடத்தைச் செருகிய சில நொடிகள் மட்டும் எதுவும் வேலை செய்யாமல் இருந்து, பிறகு தானாகச் சரியானால் காரணம் இதுதான். 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்' கொடுத்து அதை நிறுத்திவிட்டு முயலுங்கள். மோடம்மேனேஜர் என்ற பெயரில் உள்ள இரண்டு 'எம்' எழுத்துகளும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். டாங்கிள் பயன்படுத்தாத கணினியில் நிரந்தரமாகவே முடக்கலாம்.

டிடிஒய்யூஎஸ்பி0 வந்த வேகத்தில் மறைந்துபோனால் வேறு கதை. உபுண்டு 22.04-இல், விலை குறைந்த சிஎச்340 சில்லு உள்ள மாற்றிகளை, பிரெய்ல் காட்சிக் கருவி என்று நினைத்து பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை பறித்துக்கொள்கிறது. டிமெஸ்ஜியில் அதன் பெயர் தெளிவாகத் தெரியும். அந்தச் சேவையை நீக்கினால் மாற்றி திரும்பி வரும். பார்வையற்றோர் யாராவது அந்தக் கணினியைப் பயன்படுத்தினால் நீக்காதீர்கள். வேறு சில்லு உள்ள மாற்றியை வாங்குங்கள்.

உள்ளீடு-வெளியீட்டுப் பிழை என்று வந்தால், அந்தப் பெயரில் உண்மையான போர்ட்டே இல்லை. டெவ் கோப்புறையில் டிடிஒய்எஸ்0, டிடிஒய்எஸ்1 என்று பல பெயர்களை லினக்ஸ் பொதுவாக வைத்திருக்கும். பின்னால் கருவி இருந்தாக வேண்டும் என்பதில்லை. 'செட்சீரியல் -ஜி' கொடுத்தால் உண்மையான போர்ட்டுக்கு 16550ஏ என்று வரும். வெறும் பெயருக்குத் தெரியாதது என்று வரும். பழைய கணினிகளில், கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பிலேயே சீரியல் போர்ட்டை முடக்கியிருப்பார்கள். அங்கும் பாருங்கள்.

அறிகுறி: போர்ட் திறக்கிறது, ஆனால் எத்தனை முறை தட்டினாலும் வெறுமை

இங்கேதான் பெரும்பாலோர் சிக்கிக்கொள்கிறார்கள். வெளி மோடத்தின் முகப்பில் உள்ள சிறு விளக்குகளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. எம்ஆர் என்பது மோடம் தயார். டிஆர் என்பது கணினி தயார். எஸ்டி கணினி அனுப்புவதையும், ஆர்டி மோடம் திருப்பி அனுப்புவதையும் காட்டும். மினிகாமில் ஒரு விசையை அழுத்திக்கொண்டே எஸ்டி விளக்கைப் பாருங்கள்.

எஸ்டி மின்னவே இல்லை என்றால் எழுத்து மோடம்வரை போய்ச் சேரவில்லை. போர்ட்டா, கேபிளா என்று பிரிக்க வேண்டும். கேபிளைக் கணினியிலிருந்து கழற்றுங்கள். 9 முனை போர்ட்டில் 2, 3 ஆகிய இரண்டு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மினிகாமில் தட்டுங்கள். 3 கணினி பேசும் முனை, 2 கேட்கும் முனை. தட்டிய எழுத்து திரையில் தோன்றினால் போர்ட், டிரைவர், அனுமதி எல்லாமே சரி. கம்பியை எடுத்ததும் எழுத்து நின்றுவிடுகிறதா என்றும் பாருங்கள். எடுத்த பிறகும் எழுத்து வந்தால், மினிகாம் தானே எதிரொலிக்கிறது. அந்த வசதியை அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். அடுத்து கேபிளைச் செருகி, அதன் மறுமுனையில், அதாவது மோடம் பக்கத்து 25 முனை இணைப்பியில், 2, 3 ஐச் சேருங்கள். இங்கும் எழுத்து வந்தால் அந்த இரண்டு கம்பிகளும் நன்றாக இருக்கின்றன.

போர்ட்டில் வந்து கேபிள் முனையில் வரவில்லை என்றால் கேபிள்தான். மோடத்துக்கு நேர் கேபிள் வேண்டும். இரண்டு கணினிகளை இணைக்கும் நல்-மோடம் கேபிளும் வெளித்தோற்றத்தில் இதேபோல்தான் இருக்கும், ஆனால் உள்ளே 2-உம் 3-உம் மாறியிருக்கும். சேர்த்துப் பார்க்கும் சோதனையில் இந்த வேறுபாடு தெரியாது. மல்டிமீட்டரை ஓசை நிலையில் வைத்து முனை முனையாகப் பாருங்கள். 9 முனைப் பக்கத்தின் 3, 25 முனைப் பக்கத்தின் 2-க்குப் போக வேண்டும். 2 போக வேண்டியது 3-க்கு, 5 போக வேண்டியது 7-க்கு. ஓட்டக் கட்டுப்பாட்டுக்கான 7-உம் 8-உம் முறையே 4-க்கும் 5-க்கும், கணினி தயார் என்று சொல்லும் டிடிஆருக்கான 4 அந்தப் பக்கத்து 20-க்கும் போக வேண்டும். டிஆர் விளக்கு எரியவில்லை என்றால் அந்தக் கடைசிக் கம்பியைச் சந்தேகியுங்கள். கணினி தயார் என்று தெரியாதவரை கட்டளையே ஏற்காத மோடங்கள் உண்டு.

கேபிளின் முனைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும் மறக்க வேண்டாம். தேயிலைத் தொழிற்சாலையில் டிரையருக்குப் பக்கத்து அறையில் இருந்த இணைப்பியைக் கழற்றினால், முனைகளைச் சுற்றி மெல்லிய பழுப்பு நிற நார்த்தூசி படிந்திருக்கும். சலிக்கும்போது பறக்கும் தேயிலைத் தூசி அது. பனியின் ஈரம் ஏறியதும் அது பசைபோல ஒட்டிக்கொள்கிறது. அதன் அடியில், முலாம் தேய்ந்த இடத்தில், பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். ஊதினால் போகாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பழைய பல் துலக்கியைத் தோய்த்துத் தேய்த்து, நன்றாக உலர்ந்த பிறகு செருகுங்கள். களிம்பு முனையின் உள்வரை அரித்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, கேபிளையே மாற்றுங்கள்.

அறிகுறி: எஸ்டி மின்னுகிறது, ஆர்டி மின்னவில்லை

எழுத்து மோடம்வரை போகிறது. மோடம் கேட்டும் கேளாததுபோல் இருக்கிறது. மோடத்தைக் குறை சொல்வதற்கு முன் நாம் என்ன அனுப்புகிறோம் என்று பார்க்க வேண்டும்.

மினிகாம் இல்லாமல் 'எக்கோ' கட்டளையால் போர்ட்டுக்கு 'ஏடி' அனுப்பிப் பார்க்கிறவர்கள் உண்டு. எக்கோ வரியின் முடிவில் 10-ஆம் எண் எழுத்தை அனுப்புகிறது. மோடம் எதிர்பார்ப்பது 13-ஆம் எண் எழுத்தை. அது வராதவரை வரி முடியவில்லை என்று மோடம் காத்துக்கொண்டே இருக்கும். நல்ல மோடங்கள் பல செத்துவிட்டதாக ஒதுக்கப்படுவது இந்த ஒரு சோதனையால்தான். எக்கோவை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். மினிகாமில் என்டர் விசை 13-ஐயே அனுப்பும்.

அடுத்தது, இரண்டு எழுத்தும் ஒரே வகையாக இருக்க வேண்டும். இரண்டும் பெரியவை அல்லது இரண்டும் சிறியவை. ஒன்று பெரியதும் ஒன்று சிறியதுமாக அடித்தால் மோடம் கண்டுகொள்ளாது. அந்த இரண்டு எழுத்துகளின் பிட் அமைப்பை வைத்துத்தான் கணினி எந்த வேகத்தில் பேசுகிறது என்று மோடம் கணிக்கிறது. பழைய மோடத்திடம் 115200 வேகத்தில் பேசினால் அதற்குக் கணிக்கவே முடியாமல் போகலாம். 9600-இல் தொடங்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது, மோடத்தின் வாயை யாரோ கட்டியிருக்கலாம். எதிரொலியையும் பதிலையும் அணைத்து, அந்த அமைப்பை மோடத்தின் நினைவகத்திலேயே சேமித்துவைக்கும் பழைய மென்பொருள்கள் இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு 'ஏடிஇ1க்யூ0வி1' என்று அடித்து என்டர் தட்டுங்கள். இது எதிரொலியைத் திறக்கும், பதிலைத் திறக்கும், பதிலை எழுத்தாகக் காட்டச் சொல்லும். ஓகே வந்தால் 'ஏடி&எஃப்' கொடுத்து ஆலை அமைப்புக்குத் திருப்பி, 'ஏடி&டபிள்யூ' கொடுத்துச் சேமியுங்கள். இதையொட்டி இன்னொன்று: 'ஏடி' தட்டியதும் திரையில் வெறும் 0 மட்டும் வந்தால் அது பிழை அல்ல. ஓகே என்பதையே மோடம் எண்ணாகச் சொல்கிறது.

யு.எஸ். ரோபாட்டிக்ஸ் ஸ்போர்ட்ஸ்டர் போன்றவற்றின் பின்புறத்தில் வெள்ளை நிறத்தில் சிறு சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். ஸ்போர்ட்ஸ்டரில் 8-ஆவது சுவிட்ச் மாறியிருந்தால் மோடம் எந்தக் கட்டளையையும் ஏற்காது. 3-உம் 4-உம் பதிலையும் எதிரொலியையும் கட்டுப்படுத்துகின்றன. மாற்றியபின் மோடத்தை அணைத்துத் திரும்பப் போட வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் பேசவில்லை என்றால் அடாப்டரைக் கையில் எடுங்கள். "விளக்கு எரிகிறதே சார், பவர் வருகிறதே" என்பார்கள். விளக்கு எரிவது போதாது. வெளி மோடங்கள் பலவற்றின் அடாப்டர் ஏசி மின்சாரத்தையே வெளியே தரும், டிசி அல்ல. சீரியல் போர்ட்டில் பேச மோடத்துக்கு நேர் மின்னழுத்தமும் எதிர் மின்னழுத்தமும் வேண்டும். உள்ளே வரும் ஏசியின் இரண்டு பாதிகளிலிருந்து இரண்டையும் எடுத்துக்கொள்ளும் வடிவமைப்பு அது. பழைய அடாப்டர் போய்விட்டது என்று ஸ்பீக்கருக்கோ ரவுட்டருக்கோ உரிய 9 வோல்ட் டிசி அடாப்டரைச் செருகிவிட்டால், சில மோடங்களில் விளக்கு எரியும், சில்லு இயங்கும், எஸ்டிகூட மின்னும். எதிர் மின்னழுத்தம் மட்டும் பிறக்காது. அதனால் அதன் பேச்சு வெளியே வராது. மோடத்தின் அடியில் ஒட்டியுள்ள தாளில் ஏசி என்றோ, அலைபோன்ற குறியோ இருந்தால் அதற்கேற்ற அடாப்டரைத்தான் போட வேண்டும்.

மல்டிமீட்டர் இருந்தால் இதை உறுதிசெய்துகொள்ளலாம். கேபிளைக் கழற்றி, மின்சாரம் உள்ள மோடத்தின் 25 முனை இணைப்பியில் 7-ஐத் தரையாக வைத்து 3-ஐ அளந்து பாருங்கள். மோடம் சும்மா இருக்கும்போது அங்கே சுமார் -5 முதல் -12 வோல்ட் வரை காட்ட வேண்டும். பூச்சியத்தை ஒட்டி நின்றால் மோடத்தால் பேச முடியவில்லை என்று பொருள். அடாப்டரை மாற்றியும் அப்படியே இருந்தால் சீரியல் பக்கத்துச் சில்லு போய்விட்டது.

அறிகுறி: காலையில் பேசாது, பத்து மணிக்கு மேல் பேசும்

சமவெளியில் இதை அவ்வளவாகப் பார்க்க முடியாது. உதகையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்மேல் உறைபனி படியும் காலைகளிலும், கொடைக்கானல், மன்னவனூர்ப் பக்கத்துக் குளிரிலும் இது நன்றாகத் தெரியும். வெயில் ஏறி அறை சூடானதும் மோடம் தானாகவே உயிர்பெறும். அதனால் யாரும் இதைக் கோளாறாகவே எண்ணுவதில்லை. நாளாக ஆக அது உயிர்பெறும் நேரம் தள்ளிக்கொண்டே போய், ஒரு நாள் வராமலே நின்றுவிடும்.

இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டையும் பிரித்தறிய வேண்டும். ஒன்று, மின்தேக்கிகளின் மூப்பு. மோடத்திலும் சில அடாப்டர்களிலும் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிகளுக்குள் ஈரமான வேதிப்பொருள் இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது வற்றும். வற்றிய மின்தேக்கியின் உள்தடை குளிரில் மிகவும் கூடிவிடுகிறது. மின்சாரம் சுத்தமாக வராமல் மோடத்தின் சில்லு தொடங்கும்போதே தடுமாறி நின்றுவிடும். சூடானால் தடை குறைந்து வேலை செய்யும். குளிர்ந்த காலையில், அதே வகை வேறு அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். பேசினால் கோளாறு அடாப்டரில். பேசாவிட்டால் மோடத்துக்குள். மூடியைத் திறந்து, தலை உப்பிய அல்லது அடியில் கசிந்த மின்தேக்கிகளை அதே அளவில் மாற்ற வானொலி, தொலைக்காட்சி பழுதுபார்க்கிற எவராலும் முடியும். விலை மிகக் குறைவு.

இன்னொன்று ஈரம். வடகிழக்குப் பருவமழையின்போது கோத்தகிரியிலும் குன்னூரிலும் பனிமூட்டம் ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்துவிடும். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், தேவாலா பக்கம் சுவரே வியர்க்கும். ஞாயிற்றுக்கிழமை மூடிவைத்த அலுவலகத்தில் திங்கட்கிழமை காலை மட்டும் கோளாறு என்றால் ஈரத்தைச் சந்தேகியுங்கள். மூடியைத் திறந்து, பலகையைத் தலைமுடி உலர்த்தியின் மிதமான காற்றில் சற்று நேரம் காட்டிவிட்டுச் சோதியுங்கள். உலர்ந்ததும் பேசினால், பலகையை ஆல்கஹாலால் கழுவித் துடைக்க வேண்டும். தூசி இருக்கும்வரை அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆனால் சூடுகாட்டும் இந்தச் சோதனையில் வற்றிய மின்தேக்கியும் தற்காலிகமாகத் தேறிவிடும். அதனால் அடாப்டர் சோதனையை முதலிலும், இதை இரண்டாவதாகவும் செய்யுங்கள்.

மழைக்காலத்தில் மோடத்தை அணைக்காமலே வைத்திருப்பது நல்லது என்பது என் கருத்து. அதன் சொந்தச் சூடே அதை உலர்வாக வைத்திருக்கும். இடிக்கும் நாள் மட்டும் விதிவிலக்கு.

அறிகுறி: இடி மழைக்குப் பிறகு பேசவில்லை

ஏப்ரல், மே மாதக் கோடை மழையிலும் அக்டோபர் முதலான ஐப்பசி மழையிலும் மலையில் இடி அதிகம். மின்னல் நேராக விழ வேண்டியதில்லை. சரிவில் நெடுந்தூரம் ஓடிவரும் தொலைபேசிக் கம்பியில் அருகே விழும் மின்னலே போதுமான மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும். அது மோடத்துக்குள் நுழைந்து, தரைக்குப் போகும் வழி தேடி, சீரியல் கேபிள் வழியாகக் கணினிக்கும் பாய்கிறது.

எந்தப் பக்கம் அடிபட்டது என்பதை அறிகுறியே சொல்லும். ஓகே வருகிறது, ஆனால் டயல் செய்தால் டயல் டோன் இல்லை என்கிறது, அதே கம்பியில் சாதாரணத் தொலைபேசி வேலை செய்கிறது என்றால், மோடத்தின் கம்பிப் பக்கத்துப் பாகம் போய்விட்டது. ஓகேயே வரவில்லை, மேலே சொன்ன முனை 3 பூச்சியம் காட்டுகிறது என்றால் சீரியல் பக்கத்துச் சில்லு எரிந்திருக்கிறது. இந்த இரண்டாவது நிலையில் புதிய மோடத்தை வாங்கிச் செருகுவதற்கு முன் கணினியின் போர்ட்டை 2, 3 சோதனையால் பார்த்துவிடுங்கள். அதே அடியில் அதுவும் போயிருக்க வாய்ப்பு அதிகம். போர்ட் மட்டும் போயிருந்தால் யூஎஸ்பி-சீரியல் மாற்றி ஒன்று வாங்கினால் தீர்ந்தது.

இடி கேட்டதும் தொலைபேசிக் கம்பி, அடாப்டர் இரண்டையும் பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. மின்னல் வருகிற வழி பெரும்பாலும் தொலைபேசிக் கம்பிதான், அதற்குச் சுவிட்ச் கிடையாது.

அறிகுறி: யாரும் தொடாமலே எஸ்டி மின்னுகிறது

கணினி தானாக எதையோ அனுப்புகிறது. மோடம்மேனேஜராக இருக்கலாம். இல்லையென்றால், அந்தப் போர்ட்டில் உள்நுழைவுச் சேவை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். கெர்னல் தொடங்கும் வரியில் கன்சோலாக, அதாவது கணினி செய்தி காட்டும் இடமாக, டிடிஒய்எஸ்0 குறிக்கப்பட்டிருந்தால், சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி தானே அங்கே சீரியல்-கெட்டி என்ற சேவையை எழுப்பிவிடும். அது பயனர் பெயர் கேட்கும். மோடம் அதை எதிரொலிக்கும். எதிரொலியைப் பயனர் பெயர் என்று நினைத்துக் கணினி கடவுச்சொல் கேட்கும். இது முடிவில்லாமல் ஓடும். இடையில் நீங்கள் தட்டும் 'ஏடி' அந்த இரைச்சலில் காணாமல் போகும். கன்சோல் குறிப்பை நீக்கி, சேவையை முடக்குங்கள்.

அறிகுறி: உள்ளே செருகிய மோடம் அட்டை

'எல்எஸ்பிசிஐ -வி' கொடுத்து அந்த அட்டையைப் பற்றிய வரியைப் பாருங்கள். சீரியல் கன்ட்ரோலர் என்று இருந்தால் நம்பிக்கை உண்டு. கம்யூனிகேஷன் கன்ட்ரோலர் என்று இருந்தால், அது பெரும்பாலும் வின்மோடம். மோடத்தின் வேலையைக் கணினியின் செயலியே செய்ய வேண்டும் என்று வடிவமைக்கப்பட்ட அட்டை அது. தனி டிரைவர் இல்லாமல் லினக்ஸில் வாய் திறக்காது. லூசென்ட், கோனெக்ஸன்ட், ஸ்மார்ட்லிங்க் சில்லுகளுக்கு ஒரு காலத்தில் டிரைவர்கள் இருந்தன. அவை 2.4, 2.6 கெர்னல் காலத்தவை. இன்றைய கெர்னலில் அவற்றை ஏற்ற முயல்வதில் பொழுது போகும், பலன் கிடைக்காது. அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, கன்ட்ரோலர் உள்ளேயே உள்ள வெளி மோடம் ஒன்றைத் தேடுங்கள். யூஎஸ்பி வகையில் யு.எஸ். ரோபாட்டிக்ஸ் 5637 தனி டிரைவர் இல்லாமல் டிடிஒய்ஏசிஎம்0 என்று வந்து நிற்கும்.

ஓகே வந்த பிறகு

இப்போது தொலைபேசிக் கம்பியைச் செருகலாம். மோடத்தின் பின்னால் ஒரே அளவில் இரண்டு துளைகள் இருக்கும். சுவரிலிருந்து வரும் கம்பி லைன் என்று எழுதிய துளைக்குப் போக வேண்டும். மற்றது தொலைபேசிக் கருவிக்கு.

டயல் டோன் இல்லை என்று மோடம் சொல்லி, ரிசீவரை எடுத்துக் கேட்டால் டோன் வருகிறது என்றால், எஸ்டேட் இன்டர்காமில் இது இயல்பு. உள் எக்ஸ்சேஞ்ச் தரும் டோன், மோடம் எதிர்பார்க்கும் டோனைப்போல் இருப்பதில்லை. 'ஏடிஎக்ஸ்3' கொடுத்தால் டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய்யும். மறுமுனை வேலையில் இருந்தால் அதை மட்டும் கண்டுகொள்ளும். வீவ்டயலில் இதைத் தொடக்கக் கட்டளை வரியிலேயே சேர்த்துவிடலாம். மிகப் பழைய எக்ஸ்சேஞ்ச் என்றால் 'ஏடிடிடி'க்குப் பதிலாக, துடிப்பு முறையில் டயல் செய்யும் 'ஏடிடிபி'யை முயலுங்கள்.

மறுமுனை எடுத்து, இரண்டு மோடங்களும் சிறிது நேரம் இரைந்துவிட்டுக் கேரியர் (மறுமுனை மோடத்தின் ஒலி) இல்லை என்று முடிந்தால் கம்பியின் தரத்தைப் பாருங்கள். லைன்மேனைக் கூப்பிட வேண்டிய இடம் இதுதான். ரிசீவரில் கரகரப்பு கேட்டால், அதுவும் மழைக்குப் பின் கூடினால், எங்கோ இணைப்பில் தண்ணீர் இருக்கிறது. கரகரப்பே இல்லாத சுத்தமான இணைப்பிலும் இப்படி ஆனால், அது ஃபைபர் வழியாக வரும் தொலைபேசியா என்று விசாரியுங்கள். அங்கே பேச்சு சிறு பொட்டலங்களாக வெட்டி அனுப்பப்படுகிறது. மனிதக் காதுக்குத் தெரியாத இடைவெளிகள் மோடத்தின் கணக்கைக் குலைத்துவிடும். 56 கிலோபிட் வேகத்துக்கான வி.90 முறையை மறந்துவிட்டு, கையேட்டைப் பார்த்து மோடத்தின் உச்ச வேகத்தை 9600-க்கோ 2400-க்கோ கட்டுங்கள். கொழுந்துக் கணக்கும் ஒரு கன்சோல் உள்நுழைவும் அந்த வேகத்திலேயே நன்றாகப் போகும்.